டீயோட ஒரு தம், வெற்றிலையோட ஒரு துண்டு: நீலகிரியில் புகையிலையை விடுவது ஏன் இவ்வளவு கஷ்டம்? என்னதான் வழி?

ஊட்டி சேரிங்கிராஸிலோ குன்னூர் பஸ் ஸ்டாண்டிலோ காலை ஆறரை மணிக்கு டீக்கடை முன்னால் நிற்பவர்களைக் கவனித்தால் ஒரு ஜோடி கண்ணில் படும். ஒரு கையில் டீ, மறு கையில் சிகரெட். டீ வந்தால் தம் வேண்டும். தம் பற்றவைத்தால் இன்னொரு டீ வேண்டும். வீக்எண்டுக்கு மலையேறி வரும் ஐ.டி. ஊழியர், வாடகைக்கு அறை எடுத்து மலையிலிருந்தே லேப்டாப்பில் வேலை பார்ப்பவர், மார்க்கெட்டுக்கு கேரட் மூட்டை இறக்க வந்தவர் என்று அந்த வரிசையில் எல்லோரும் உண்டு.

அதே நேரத்தில், சில கிலோமீட்டர் தள்ளி, தேயிலைத் தோட்டத்துக்குக் கிளம்பும் பெண்களின் இடுப்பில் ஒரு சுருக்குப் பை இருக்கும். உள்ளே வெற்றிலை, பாக்கு, சுண்ணாம்பு, கூடவே ஒரு துண்டு புகையிலை. கொழுந்து பறிக்க இரண்டு கையும் வேண்டும், பீடி பிடிக்க கை ஏது? வாயில் ஒதுக்கிக்கொண்டால் வேலையும் நடக்கும், பசியும் தெரியாது.

புகையிலையை விடச் சொல்லும் அறிவுரைகளில் பெரும்பாலானவை முதல் ஆளை மனதில் வைத்து எழுதப்பட்டவை. "சிகரெட் பெட்டியைத் தூக்கிப் போடுங்க, லைட்டரை ஒளிச்சு வைங்க" என்பது சுருக்குப் பைக்காரருக்கு எந்த வகையிலும் பொருந்தாது. வெற்றிலையோடு போடுவதைப் புகையிலைப் பழக்கம் என்றே பல வீடுகளில் யாரும் கணக்கில் எடுப்பதில்லை. "அவங்க வெத்தல போடுவாங்க, வேற எந்தக் கெட்ட பழக்கமும் இல்ல" என்பதுதான் வழக்கமான சான்றிதழ். மூளைக்குள் நடப்பது என்னவோ இருவருக்கும் ஒன்றுதான். அதைப் புரிந்துகொண்டால், விடும் வழி ஏன் ஆளுக்கு ஆள் மாற வேண்டும் என்பதும் புரியும்.

தமிழ்நாட்டின் கணக்கு

2016-17-ல் இந்தியா முழுக்க நடந்த இரண்டாவது உலக வயதுவந்தோர் புகையிலைக் கணக்கெடுப்பின்படி, நாட்டில் 15 வயதைத் தாண்டியவர்களில் 28.6 சதவீதம் பேர் ஏதோ ஒரு வடிவில் புகையிலை பயன்படுத்துகிறார்கள். தமிழ்நாட்டில் இது 20 சதவீதம். பரவாயில்லையே என்று தோன்றலாம். ஆனால் முந்தைய கணக்கெடுப்பில் தமிழ்நாட்டின் எண் 16.2. நாடு முழுக்கக் குறைந்தபோது இங்கே ஏறியிருக்கிறது.

இன்னொரு எண் இன்னும் முக்கியம். இந்தியப் பெண்களில் புகைப்பவர்கள் 2 சதவீதம்தான். மெல்லுகிற, ஒதுக்குகிற, தேய்க்கிற வகைப் புகையிலையைப் பயன்படுத்துபவர்கள் 12.8 சதவீதம். அதாவது பெண்களின் புகையிலைப் பழக்கம் கிட்டத்தட்ட முழுவதும் புகையில்லாத பழக்கம். கொழுந்து பறிப்பதில் பெண்களே அதிகம் உள்ள ஒரு மாவட்டத்தில் சிகரெட்டை மட்டும் பேசினால் பாதிக் கதை விட்டுப்போகும்.

விட வேண்டும் என்ற எண்ணம் இல்லாதவர்கள் அல்ல இவர்கள். அதே கணக்கெடுப்பில், புகைப்பவர்களில் 55.4 சதவீதமும் மெல்லுபவர்களில் 49.6 சதவீதமும் விடுவதாகத் திட்டமிட்டிருப்பதாக, அல்லது விடுவது பற்றி யோசிப்பதாகச் சொன்னார்கள். முந்தைய ஒரு வருடத்துக்குள் முயற்சியே செய்து பார்த்தவர்கள் மூன்றில் ஒரு பங்குக்கும் அதிகம். பெரும்பாலோர் யார் உதவியும் இல்லாமல் முயன்றவர்கள். எந்த உதவியும் இல்லாமல் விடுபவர்களில் ஆறு மாதம், ஒரு வருடம் தாண்டியும் தொடாமல் இருப்பவர்கள் நூற்றில் மூன்று முதல் ஐந்து பேர்தான் என்கின்றன உலக ஆய்வுகள். "மனசு வச்சா முடியும்" என்பதை மட்டும் நம்பினால் இதுதான் கணக்கு.

பத்து விநாடியில் மூளைக்கு

புகையிலைச் செடி நிக்கோட்டினை உற்பத்தி செய்வது மனிதனுக்காக அல்ல. தன்னைத் தின்ன வரும் பூச்சிகளைக் கொல்ல. புகையிலையை ஊறவைத்த தண்ணீரைப் பயிருக்குப் பூச்சிமருந்தாகத் தெளிக்கும் பழக்கம் விவசாயிகளுக்குப் பழசு. மழைக்காலத்தில் மலைத் தோட்டங்களில் அட்டை ஏறாமல் இருக்கக் காலில் உப்போடு புகையிலையோ மூக்குப்பொடியோ தடவுவதும் இதே காரணத்தால்தான். அட்டையை விரட்டும் அதே பொருள் மனித மூளையில் வேறு வேலை செய்கிறது.

சிகரெட்டையோ பீடியையோ இழுத்தால் 10 முதல் 20 விநாடிகளில் நிக்கோட்டின் மூளைக்குப் போய்விடும். ஊசி போட்டுக்கொள்வதைவிட வேகம். மூளையில் இயல்பாகவே அசிட்டைல்கோலின் என்ற ரசாயனத்துக்காக இருக்கும் ஏற்பிகளில் நிக்கோட்டின் போய் உட்கார்ந்துகொள்ள, டோபமைன் சுரக்கிறது. ருசியான சாப்பாடு, ஜெயித்த மேட்ச், பிடித்தவரின் மெசேஜ் என எதற்கும் சுரக்கும் அதே டோபமைன்தான். தினமும் பலமுறை இது நடந்தால் மூளை ஏற்பிகளின் எண்ணிக்கையைக் கூட்டுகிறது. அதன்பிறகு அத்தனை ஏற்பிகளுக்கும் தீனி போட வேண்டியதாகிறது. போடாவிட்டால் எரிச்சல், படபடப்பு, கவனமின்மை, தூக்கமின்மை, பசி.

ரத்தத்தில் இருக்கும் நிக்கோட்டின் சுமார் இரண்டு மணி நேரத்தில் பாதியாகும். எட்டு மணி நேரம் தூங்கி எழுந்தால் இரவு இருந்ததில் பதினாறில் ஒரு பங்குதான் மிச்சம். காலையில் கண் விழித்ததும் கை பாக்கெட்டைத் தேடுவது இதனால்தான். எழுந்து அரை மணி நேரத்துக்குள் முதல் சிகரெட் என்றால் அடிமைத்தனம் ஆழமாக இருக்கிறது என்று டாக்டர்கள் எடுத்துக்கொள்வதும் இதை வைத்துத்தான். ஒரு நாளைக்கு எத்தனை என்பதைவிட முதல் ஒன்று எப்போது என்பது அதிகம் சொல்லும்.

"ஒரு தம் போட்டாதான் டென்ஷன் குறையுது" என்பதிலும் ஒரு சூட்சுமம் உண்டு. டெட்லைன் நேரத்தில் குறைவதாகத் தோன்றும் டென்ஷனில் பெரும்பகுதி, போன சிகரெட் தீர்ந்ததால் வந்த டென்ஷன். நெருப்பு வைத்தவரே வந்து அணைத்துவிட்டு நன்றி வாங்கிக்கொள்வது மாதிரி.

சுண்ணாம்பு செய்யும் வேலை

வெற்றிலைப் புகையிலைக்கு இந்த வேகம் கிடையாது. ஆனால் அதற்கு ஒரு கூட்டாளி உண்டு: சுண்ணாம்பு. நிக்கோட்டின் அமிலச் சூழலில் இருக்கும்போது கன்னத்தின் உட்தோல் வழியாக எளிதில் ஊடுருவாது. காரத்தன்மை கூடினால் அது வடிவம் மாறி, சளிச்சவ்வைக் கடந்து நேரே ரத்தத்தில் கலக்கிறது. சுண்ணாம்பு செய்வது அதைத்தான். "சுண்ணாம்பு கொஞ்சம் கூடிப்போச்சு, தலை சுத்துது" என்று பாட்டிகள் சொல்வது சரியான ரசாயனம்.

மெல்லும்போது நிக்கோட்டின் மெதுவாக ஏறும், ஆனால் நீண்ட நேரம் ரத்தத்தில் நிற்கும். நாள் முழுக்க ஒதுக்கி வைத்திருப்பவரின் உடம்புக்குப் போகும் மொத்த நிக்கோட்டின், சிகரெட் பிடிப்பவருக்குப் போவதற்குச் சளைத்ததல்ல. புகை இல்லாததால் நுரையீரல் தப்பிக்கலாம், வாய் தப்பிக்காது. உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை புகையில்லாப் புகையிலையை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருட்களின் முதல் பிரிவில் வைத்திருக்கிறது. வெறும் பாக்கையும் அதே பிரிவில் வைத்திருக்கிறது என்பது பலருக்குத் தெரியாது. பாக்கில் இருக்கும் அரிகோலின் தனியாகவே பழக்கப்படுத்தும்; தொடர்ந்து மென்றால் கன்னத்தின் உட்தசை நார்போல இறுகி, வாய் திறக்க முடியாமல் போகும் நோயும் வரும். "புகையிலையை விட்டுட்டேன், இப்போ பாக்கு மட்டும்தான்" என்பது வீட்டை மாற்றிக்கொண்டு அதே தெருவில் குடியிருப்பது போல.

பீடியைப் பற்றியும் ஒரு வார்த்தை. சின்னதாக இருப்பதால் ஆபத்தும் சின்னது என்ற நம்பிக்கை மலையிலும் உண்டு, சமவெளியிலும் உண்டு. பீடியில் ஃபில்டர் கிடையாது. அடிக்கடி அணைந்துபோவதால் இன்னும் பலமாக, அதிக முறை இழுக்க வேண்டும். நிக்கோட்டினோ கார்பன் மோனாக்சைடோ சிகரெட்டைவிடக் குறைவாகக் கிடைப்பதில்லை.

குளிருக்கு இதமா?

மலையில் சிகரெட்டுக்குச் சொல்லப்படும் முதல் காரணம் குளிர். டிசம்பர், ஜனவரியில் உறைபனி விழும் ஊரில் இதை யாரும் கேள்வி கேட்பதில்லை. ஆனால் உடம்பில் நடப்பது நேர் எதிர். நிக்கோட்டின் தோலுக்கு அருகில் உள்ள சிறு ரத்தக்குழாய்களைச் சுருக்குகிறது. விரல் நுனிக்குப் போகும் ரத்தம் குறைகிறது. சிகரெட் பிடித்துக்கொண்டிருக்கும்போதே விரலின் வெப்பநிலை இறங்குகிறது. இதமாகத் தோன்றுவது கையில் இருக்கும் நெருப்பும், பக்கத்தில் இருக்கும் டீயும், நின்றுபோன நிக்கோட்டின் ஏக்கமும்தான்.

உயரத்துக்கும் இதில் பங்கு உண்டு. ஊட்டி கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,240 மீட்டர். அந்த உயரத்தில் காற்றழுத்தம் குறைவதால், ஒவ்வொரு மூச்சிலும் கிடைக்கும் ஆக்சிஜன் சென்னையில் கிடைப்பதைவிடக் கிட்டத்தட்ட கால் பங்கு குறைவு. குன்னூரில் ஐந்தில் ஒரு பங்கு குறைவு. அங்கேயே பிறந்து வளர்ந்தவர்களின் உடம்பு இதற்குப் பழகிவிடும். ஆனால் புகைப்பவரின் ரத்தத்தில் ஒரு பகுதி ஹீமோகுளோபினைக் கார்பன் மோனாக்சைடு ஏற்கெனவே பிடித்து வைத்திருக்கும்; அந்தப் பகுதியால் ஆக்சிஜனைச் சுமக்க முடியாது. கோவையில் மூன்று மாடி சாதாரணமாக ஏறுபவருக்கு தொட்டபெட்டாவில் இரண்டு நிமிட ஏற்றத்தில் மூச்சு வாங்குவதற்கு "கிளைமேட்" மட்டும் காரணமாக இருக்காது. நல்ல செய்தி, இது சீக்கிரம் சரியாகும்: நிறுத்தி ஒரு நாளில் கார்பன் மோனாக்சைடு ரத்தத்தை விட்டுப் போய்விடும்.

நீலகிரியில் சிலருக்கு இது மூச்சு வாங்கும் பிரச்சினையோடு நிற்பதில்லை. 1952-ல் லேமன், கட்புஷ் என்ற இரு ஆய்வாளர்கள் இந்த மலையின் பழங்குடி மக்களிடம்தான் தென்னிந்தியாவின் அரிவாள்செல் பண்பை முதலில் பதிவு செய்தார்கள். அரிவாள்செல் நோய் உள்ளவர்களுக்கு ரத்தத்தில் ஆக்சிஜன் குறையும்போது சிவப்பணுக்கள் வளைந்து குழாய்களை அடைக்கும். தாங்க முடியாத வலி வரும், நெஞ்சுப் பகுதியில் வந்தால் உயிருக்கே ஆபத்து. அவர்கள் புகைத்தாலும், பக்கத்தில் ஒருவர் புகைத்தாலும் ஆபத்து கூடும். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை மழையில் கதவு, ஜன்னல் எல்லாம் சாத்திய ஒற்றை அறை லைன் வீட்டில் ஒருவர் பீடி பற்றவைத்தால் பக்கத்தில் படுத்திருக்கும் குழந்தைக்கும் அதில் பங்கு போகிறது.

ஒரு சின்ன இடைச்செருகல். பிளாஸ்டிக் தடையில் நாட்டுக்கே முன்னோடி என்று பெயர் வாங்கிய மாவட்டம் இது. தண்ணீர் பாட்டிலைச் சோதனைச்சாவடியில் பிடுங்குகிறார்கள். சிகரெட் ஃபில்டர் பருத்தி அல்ல, செல்லுலோஸ் அசிடேட் என்ற பிளாஸ்டிக். அது பாக்கெட் பாக்கெட்டாக எந்தச் சோதனையும் இல்லாமல் மலையேறுகிறது.

தடை இருக்கிறது, எல்லையும் இருக்கிறது

குட்கா, புகையிலை கலந்த பான்மசாலா ஆகியவற்றுக்கு உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் தமிழ்நாடு 2013 மே மாதம் தடை விதித்தது. ஆண்டுதோறும் அதைப் புதுப்பித்தும் வந்தது. ஒவ்வொரு வருடமும் அறிவிப்பு போட்டு நிரந்தரத் தடையாக்க அதிகாரிக்கு அதிகாரமில்லை என்று 2023 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சொன்னது. அந்த ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்புக்கு இடைக்காலத் தடை விதித்தது. 2024-ல் மதுரைக் கிளை, உதட்டுக்கு அடியில் வைத்துக்கொள்ளும் "கூல் லிப்" பள்ளி மாணவர்களிடம் பரவுவதைக் கையிலெடுத்து, ஏன் நாடு முழுக்கத் தடை செய்யக்கூடாது என்று கேட்டது.

கூடலூர் மூன்று மாநிலங்கள் சந்திக்கும் இடம். ஒரு பக்கம் கர்நாடகம், இன்னொரு பக்கம் கேரளம். ஒரு மாநிலத்தில் தடையான பாக்கெட் பக்கத்து மாநிலத்தில் வேறு பெயரில், வேறு சட்டத்தில் கிடைத்தால் அது பஸ்ஸிலும் காய்கறி லாரியிலும் ஏறி வரத்தான் செய்யும். எல்லைச் சோதனையில் புகையிலை பாக்கெட்டுகள் பிடிபட்ட செய்தி மாவட்டப் பக்கங்களில் அடிக்கடி வருகிறது. தடையால் பயனில்லை என்று சொல்லிவிட முடியாது. கைக்கெட்டும் தூரத்தில் கிடைக்காத பொருளைப் புதிதாகப் பழகுபவர்கள் குறைவு. ஆனால் ஏற்கெனவே பழகியவருக்கு, தடையின் பலன் விலை ஏறுவது மட்டும்தான். விட உதவி செய்யாமல் பாக்கெட்டை மட்டும் பிடித்தால், அவர் கூலியில் இன்னும் கொஞ்சம் கரையும். வெற்றிலைக்கடையில் விற்கும் தடையில்லாத புகையிலைத் துண்டைப் பற்றி யாருக்கும் கவலை இருப்பதாகத் தெரியவில்லை.

விடுவது எப்படி?

முதலில் எந்த நேரங்களில் கை போகிறது என்று இரண்டு, மூன்று நாள் போனில் குறித்து வைத்தால் போதும். டீ, குளிர், மீட்டிங் முடிந்த இடைவேளை, சாப்பிட்ட பின், கொழுந்து எடை போடக் காத்திருக்கும் நேரம் என்று ஒரு வரைபடம் கிடைக்கும். நிக்கோட்டின் ஏற்பிகள் சில வாரங்களில் அடங்கிவிடும். இந்த நேரங்களோடு ஒட்டிய ஞாபகம் மாதக்கணக்கில் தொந்தரவு கொடுக்கும். அதனால் மாற்ற வேண்டியதில் டீக்கடையும் ஒன்று. வேறு கடை, வேறு நேரம், முடிந்தால் புகைக்காத நண்பர். டீயை விட வேண்டியதில்லை. அந்த ஜோடியைப் பிரித்தால் போதும்.

அடுத்து இரண்டு வாரத்துக்குள் ஒரு தேதி. அந்த நாளில் முழுவதும் நிறுத்துவதுதான் பெரும்பாலோருக்கு ஒத்துவருகிறது. "கொஞ்சம் கொஞ்சமா குறைக்கிறேன்" என்பவர்கள் மூன்றாவது வாரம் பழைய எண்ணுக்குத் திரும்பிவிடுவது சகஜம். நிறுத்திய முதல் மூன்று நாள்தான் உச்சம். இரண்டிலிருந்து நான்கு வாரத்துக்குள் எரிச்சலும் தூக்கமின்மையும் வடியும். ஒவ்வொரு ஏக்க அலையும் சில நிமிடங்களில் தானாகவே கடந்துபோகும். அந்த நிமிடங்களைத் தண்ணீர் குடித்தோ நடந்தோ யாருக்காவது போன் போட்டோ தள்ளிவிடுவதுதான் வேலை.

இங்கே காபி, டீ குடிப்பவர்கள் அவசியம் தெரிந்துகொள்ள வேண்டிய ஒன்று உண்டு. புகையில் இருக்கும் சில ரசாயனங்கள் கல்லீரலைத் தூண்டி, கஃபீனை வேகமாக வெளியேற்றச் செய்கின்றன. புகையை நிறுத்தியதும் அந்த வேகம் போய்விடும். வழக்கமாகக் குடிக்கும் அதே எட்டு டீ, ஐந்து காபி இப்போது ரத்தத்தில் இரண்டு மடங்கு வரை கஃபீனை நிறுத்தி வைக்கலாம். கை நடுக்கம், படபடப்பு, தூக்கமின்மை வரும். "சிகரெட்டை விட்டதால உடம்பு கெட்டுப்போச்சு" என்று மீண்டும் பற்றவைப்பவர்களில் சிலருக்கு உண்மையான காரணம் டீயாக இருக்கலாம். முதல் சில வாரம் பாதியாகக் குறைத்தால் நல்லது. மெல்லுபவர்களுக்கு இந்தப் பிரச்சினை இல்லை, இது புகையின் வேலை.

நிக்கோட்டின் கம் மருந்துக்கடைகளில் கிடைக்கிறது. 2 மில்லிகிராம், 4 மில்லிகிராம் என இரண்டு அளவு. எழுந்து அரை மணிக்குள் முதல் சிகரெட் பிடிப்பவருக்குப் பெரிய அளவு தேவைப்படலாம், டாக்டரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும். பலர் இதைச் சாதாரணச் சூயிங்கம் மாதிரி தொடர்ந்து மென்று, விக்கலும் நெஞ்செரிச்சலும் வந்து, "சரிப்பட்டு வரல" என்று விட்டுவிடுகிறார்கள். சுள்ளென்று காரம் தெரியும்வரை மெதுவாக மென்று, கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவில் ஒதுக்கி வைக்க வேண்டும். காரம் போனதும் மீண்டும் மெல்ல வேண்டும். இப்படி அரை மணி நேரம். வெற்றிலை போட்டுப் பழகியவருக்கு இந்த வித்தையைக் கற்றுத்தரவே வேண்டாம். இன்னொரு நிபந்தனை: கம் போடுவதற்குக் கால் மணி நேரம் முன்பிலிருந்து, வாயில் இருக்கும் வரை டீயோ காபியோ கூல்டிரிங்ஸோ கூடாது. வாயில் அமிலத்தன்மை கூடினால் நிக்கோட்டின் உள்ளே போகாது; சுண்ணாம்பு செய்த வேலையின் நேர் எதிர். ஒரு கையில் டீயோடு கம் மெல்லுவது காசை மெல்லுவது.

கம், பேட்ச் போன்றவை, மருந்தே இல்லாமல் முயல்வதைவிட வெற்றி வாய்ப்பை 50 முதல் 60 சதவீதம் கூட்டுகின்றன. வரெனிக்லின், புப்ரோபியான் என்ற மாத்திரைகளும் உண்டு. இரண்டும் டாக்டர் சீட்டோடு மட்டுமே. வலிப்பு வந்தவர்கள் புப்ரோபியானைத் தொடக்கூடாது, சிறுநீரகப் பிரச்சினை உள்ளவர்களுக்கு வரெனிக்லின் அளவு மாறும். உலக சுகாதார அமைப்பு 2024 ஜூலையில் வெளியிட்ட முதல் சிகிச்சை வழிகாட்டி, மருந்தையும் கவுன்சலிங்கையும் சேர்த்தே கொடுக்கச் சொல்கிறது. மெல்லும் புகையிலைக்கு மருந்து ஆய்வுகள் குறைவு. அங்கே கவுன்சலிங்கின் பங்கு இன்னும் பெரியது. வாய் சும்மா இருக்காது என்பவர்களுக்கு ஏலக்காய், கிராம்பு, சோம்பு ஆகியவை பழைய, பயனுள்ள மாற்று. இ-சிகரெட் மாற்று அல்ல. 2019-லிருந்து இந்தியாவில் அதன் விற்பனையே குற்றம்.

யாரிடம் கேட்பது?

1800-11-2356. ஒவ்வொரு சிகரெட், புகையிலை பாக்கெட்டிலும் 2018 செப்டம்பரிலிருந்து அச்சாகும் எண் இதுதான். பார்த்திருந்தாலும் பலர் போட்டுப் பார்த்ததில்லை. கட்டணம் கிடையாது. தென்னிந்திய மொழிகளுக்கான மையம் பெங்களூரு நிம்ஹான்ஸில் இருக்கிறது, தமிழிலேயே பேசலாம். ஒரு தடவை பேசி வைத்துவிடும் சேவை அல்ல. விடும் தேதி குறித்தால் அவர்களே திரும்ப அழைத்து விசாரிப்பார்கள். ஊட்டியில் 2025 ஏப்ரலில் திறக்கப்பட்ட 700 படுக்கை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவில் கேட்கலாம்.

ஆனால் ஊட்டிக்குப் போய்வர, ஒரு கொழுந்துத் தொழிலாளிக்கு ஒரு நாள் கூலி போகும். கொளப்பள்ளியிலிருந்தோ சேரம்பாடியிலிருந்தோ என்றால் முழு நாளும் பஸ்ஸிலேயே போகும். 1951-ன் தோட்டத் தொழிலாளர் சட்டக் காலத்திலிருந்தே தோட்டங்களில் மருத்துவ வசதி தர வேண்டியது நிர்வாகத்தின் கடமை. நிக்கோட்டின் மாற்று மருந்து 2022-ல் தேசிய அத்தியாவசிய மருந்துப் பட்டியலிலும் சேர்ந்துவிட்டது. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால், கம்மும் பேட்சும் தோட்ட டிஸ்பென்சரியிலும் ஆரம்ப சுகாதார நிலையத்திலும் கிடைப்பதுதான் நியாயம். தோட்டத்து சங்கங்கள் போனஸ் பேச்சுவார்த்தையில் கேட்கக்கூடிய, செலவு குறைந்த கோரிக்கை இது. மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் 2021-லிருந்து சுகாதாரத் தன்னார்வலர்கள் வீடு வீடாக பிபி, சுகர் பார்க்க வருகிறார்கள். அவர்கள் "வீட்டுல யாராவது சிகரெட் பிடிப்பீங்களா?" என்று கேட்டால் பதில் "இல்லைங்க" என்றுதான் வரும். "அக்கா, வெத்தலையோட புகையில போடுவீங்களா? காலைல எழுந்து எவ்வளவு நேரத்துல?" என்று கேட்டால் வேறு பதில் வரும்.

மறுபடியும் தொட்டுவிட்டால்

பெரும்பாலோர் ஒரே முயற்சியில் விடுவதில்லை. நண்பரின் கல்யாணம், தோட்டத்தில் ஒரு சாவு வீடு, வேலை போன வாரம் என்று ஏதோ ஒரு நாளில் ஒன்று பற்றவைக்கப்படும். ஒன்று போட்டதும் "சரி, எல்லாம் போச்சு" என்று பெட்டியே வாங்குவதுதான் தவறு. அந்த ஒன்று எங்கே, எதனால் என்று பார்த்துவிட்டு அடுத்த நாளே தொடர்வதுதான் சிகிச்சையின் பகுதி. முந்தைய முயற்சியில் எத்தனை நாள் தாக்குப்பிடித்தது என்பது அடுத்த முயற்சிக்கு உபயோகமான தகவல். கவுன்சலர்கள் முதலில் கேட்பதே அதைத்தான்.

பல வருடமாக மென்றவர்கள், விட்டாலும் விடாவிட்டாலும் மாதம் ஒருமுறை கண்ணாடி முன் நின்று வாயைத் திறந்து பார்க்க வேண்டும். நல்ல வெளிச்சத்தில் இரண்டு கன்னத்தின் உட்புறம், நாக்கின் ஓரங்கள், நாக்குக்கு அடியில். வெள்ளையாகவோ சிவப்பாகவோ திட்டு, இரண்டு வாரமாகியும் ஆறாத புண், காரம் பட்டாலே எரிச்சல் இருந்தால் டாக்டரிடம் காட்ட வேண்டும். தன் மூன்று விரல்களைச் செங்குத்தாக அடுக்கி மேல்பல்லுக்கும் கீழ்ப்பல்லுக்கும் நடுவில் நுழைக்க முடிகிறதா என்பது எளிய சோதனை. இரண்டு விரல்தான் போகிறது என்றால் வலிக்கும்வரை காத்திருக்க வேண்டாம். அந்தக் கட்டத்தில் வலி இருப்பதில்லை. 30 வயதைத் தாண்டிய யாருக்கும் வாய்ப் பரிசோதனை அரசு ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே இலவசமாகச் செய்கிறார்கள்.